சாட்சிக்கு உதவுவது சொல்லிக்கொடுப்பது ஆகாது

கண்டி நீதிமன்ற வளாகத்தில் வழக்குக் கூப்பிடும்வரை காத்திருப்பவர்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றால் போதும். சாட்சிகளைப் பற்றி இந்த நாட்டில் ஊறிப்போன எண்ணம் முழுவதும் காதில் விழுந்துவிடும். கண்ணால் கண்டவன் மறக்க மாட்டான். மறந்துவிட்டேன் என்கிறானா, காசு வாங்கியிருப்பான், அல்லது பயந்திருப்பான். பொலிஸில் ஒன்றும் கூண்டில் வேறொன்றும் சொன்னால் இரண்டில் ஒன்று பொய். அதட்டிக் கேட்டால் உண்மை தானாக வெளியே வரும்.

வழக்கால் நொந்தவர்கள் இப்படிப் பேசுவதைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் படித்தவர்கள் இதையே மரியாதையான வடிவத்தில் சொல்வதுதான் என்னை எழுத வைக்கிறது. சாட்சியின் நினைவுக்கு உதவும் கேள்வி முறைகள் நாற்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன, அவற்றை நம் பொலிஸாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னால் உடனே வரும் மறுமொழி இது: “அது சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது. சாட்சி தானாகச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வதுதான் பொலிஸின் கடமை. அதற்கு மேல் உதவப் போனால் சாட்சியம் கெட்டுவிடும்.”

கேட்பதற்கு இது நடுநிலையான பேச்சாகத் தோன்றும். ஆனால் அடியோடு தவறு. சாட்சி தானாகச் சொல்வதை அப்படியே எழுதுவது என்பது நம் பொலிஸ் நிலையங்களில் நடக்கிற காரியமே அல்ல. இப்போது நடப்பதுதான் சொல்லிக்கொடுத்தல். அதை நிறுத்துவதற்காக உருவான முறைகளைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தல் என்கிறார்கள்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், லயத்து வாசலில் நடந்த வெட்டுக்குத்தைக் கண்டார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் நன்றாகத் தெரிந்த உத்தியோகத்தரே அன்று கடமையில் இருந்தார் என்றும் வைத்துக்கொள்வோம். மேசைமேல் தடித்த தகவல் புத்தகம் விரிந்திருக்கிறது. கேட்பவரும் அவரே, எழுதுபவரும் அவரே.

“நான் பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு வந்தேங்க ஐயா, அப்ப மேல் லயத்துப் பக்கம் நாய் கொலைச்சிச்சு...”

“எத்தனை மணி?”

“அந்தி நேரமுங்க.”

“அந்தி என்றால் அஞ்சா, ஆறா?”

“ஆறு இருக்குமுங்க.”

“கத்தி யார் கையில இருந்தது?”

அவர் அந்த இடத்துக்கு இன்னும் வந்தே சேரவில்லை. பீலியிலிருந்து மேல் லயத்துக்கு ஏறும் படியில் தண்ணீர்க் குடத்தோடு அவருடைய நினைவு நிற்கிறது. நாய் யாரைப் பார்த்துக் குரைத்தது, அந்தப் பக்கமிருந்து இறங்கி வந்தவர் யார், யாருடைய குரல் முதலில் கேட்டது என்பதெல்லாம் அடுத்த நாலைந்து வாக்கியங்களில் வந்திருக்கும். கேள்வி குறுக்கே விழுந்ததால் வரவில்லை. கடைசியில் புத்தகத்தில் ஏறுவது இதுதான்: “மாலை 6.00 மணியளவில் மேற்படி எதிரி கத்தியால் தாக்குவதை நான் நேரில் கண்டேன்.” ஆறு மணி என்பது அவர் சொன்னதா? உத்தியோகத்தர் நீட்டிய இரண்டில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ‘மேற்படி எதிரி’ என்று அவர் வாழ்நாளில் யாரையும் குறிப்பிட்டிருக்க மாட்டார்.

அந்த உத்தியோகத்தரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. கையால் எழுதும் வேகத்துக்குப் பேச்சை நிறுத்தி நிறுத்தித்தான் வாங்க முடியும். யார், எங்கே, எப்போது, எதனால் என்பவற்றை நிரப்பாமல் நீதவானுக்கு அறிக்கை போகாது. இது நமக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களும் அவர்களுடைய சக ஆய்வாளர் ஒருவரும் புளோரிடாத் துப்பறிவாளர்கள் சாட்சிகளை விசாரித்த ஒலிநாடாக்களைக் கேட்டு ஆராய்ந்து 1987இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாட்சி நடந்ததைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக ஏழரை விநாடியில் குறுக்கீடு வந்துவிட்டது. இரண்டு மூன்று தடவை வெட்டப்பட்டதும் சாட்சி அந்த இடத்தின் விதியைப் புரிந்துகொள்கிறார். நீளமாகப் பேசக் கூடாது. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல வேண்டும். தெரியாது என்றால் ஐயாவுக்குக் கோபம் வரும். ஆகவே தெரியாததற்கும் ஒரு விடை வருகிறது.

இந்த வாக்குமூலத்துக்குப் பிறகு நேர்வதைப் பாருங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 110ஆம் பிரிவில், பொலிஸ் எழுதிய வாக்குமூலத்தின் பயனை இறுக்கமாக வரையறுக்கிறது. சாட்சி வேறொரு சமயம் வேறுவிதமாகச் சொன்னார் என்று காட்ட அதைப் பயன்படுத்தலாம். எழுதிய உத்தியோகத்தர் தம் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளவும் அதைப் பார்க்கலாம். பேசிய பெண்ணுக்கு ஆதரவாக அது ஒரு சொல்லும் பேசாது. பொலிஸ் தன் வசதிக்கு எழுதியதை வைத்து வழக்கை நிரூபித்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம் அந்த விதியில் இருக்கிறது. அதை மாற்றும்படி நான் கேட்கவில்லை. ஆனால் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். குற்றம் நடந்ததிலிருந்து மேல் நீதிமன்ற விசாரணை முடிய சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது என்று 2017இல் நாடாளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழு ஒன்று கணக்கிட்டது. அவ்வளவு காலம் கழித்து அதே பெண் கூண்டில் ஏறுகிறார். விளக்கு வைத்த பிறகு நடந்தது என்கிறார். நாய் குரைத்ததைச் சொல்கிறார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாக்குமூலத்தைப் புரட்டுகிறார். பொலிஸில் ஆறு மணி என்றீர்களே? நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, இப்போது எங்கிருந்து வந்தது? முதலாவது முரண்பாடாகிறது, இரண்டாவது விடுபாடாகிறது. அவர் உண்மையில் பார்த்ததும் கேட்டதும் அவருடைய நேர்மைக்கு எதிரான சான்றுகளாகிவிட்டன.

நினைவு பசுமையாக இருந்த ஒரே சமயம் அந்த முதல் வாக்குமூலம். அதைப் பாழாக்கிவிட்டு, பத்தாண்டுக்குப் பிறகு சாட்சியின் நேர்மையை அளக்கிறோம்.

கேள்வி வெறும் வாளி, கிணற்றில் இருப்பதைத்தான் மொண்டு தரும் என்று நம்புகிறவர்கள் எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். கார் விபத்துக் காட்சி ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு 50 பேரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகத்தில் போயின என்றும், வேறு 50 பேரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகத்தில் போயின என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும் ஒரே கேள்வி: உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா? முதல் கூட்டத்தில் 7 பேர் கண்டோம் என்றார்கள். ‘நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்ட கூட்டத்தில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேட்டவரின் ஒரு வினைச்சொல் ஒரு வாரத்தில் சாட்சியின் நினைவில் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. அந்த மாணவர்களை யாரும் மிரட்டவில்லை. அவர்களுக்குப் பொய் சொல்லக் காரணமும் இல்லை.

‘கத்தி யார் கையில் இருந்தது’ என்ற கேள்வியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கத்தி இருந்தது என்று சாட்சி இன்னும் சொல்லவில்லை. வழிகாட்டிக் கேள்விகளை முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் கேட்கக் கூடாது என்று 1895ஆம் ஆண்டின் நம் சான்றுக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. நீதிமன்றத்தில், நீதிபதி முன்னால், இரண்டு தரப்புச் சட்டத்தரணிகளும் இருக்கும்போது அவ்வளவு கவனம். நினைவு இன்னும் இறுகாத முதல் நாளில், யாரும் பார்க்காத பொலிஸ் மேசையில், அந்தக் கேள்விகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

எதிர்ப்பாளர்கள் அஞ்சும் அந்த முறை உண்மையில் என்ன? ஃபிஷரும் கைசல்மனும் 1984 முதல் வளர்த்த ‘அறிதல்சார் நேர்காணல்’ என்பது அதன் பெயர். நினைவு தான் பதிந்த சூழலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற அடிப்படையில் எழுந்தது. தண்ணீருக்கடியில் கற்ற சொற்களைச் சுழியோடிகள் தண்ணீருக்கடியில்தான் நன்றாக நினைவுகூர்ந்தார்கள் என்று கொடனும் படலியும் 1975இல் காட்டியிருந்தார்கள். ஆகவே சாட்சியை முதலில் அந்த இடத்துக்கு மனத்தால் திரும்பப் போகச் சொல்கிறார்கள்: எங்கே நின்றீர்கள், என்ன கேட்டது, என்ன மணம், உடம்புக்கு எப்படி இருந்தது. அவசரப்படாமல், கண்ணை மூடிக்கொண்டும் யோசிக்கலாம். பிறகு, முக்கியமில்லை என்று தோன்றுவதையும் விடாமல், நினைவில் வருகிற ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார்கள். கேட்பவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். சாட்சி நிறுத்தினாலும் சற்றுப் பொறுக்கிறார். சொல்லி முடித்த பிறகு, சாட்சி தாமே குறிப்பிட்டவற்றைப் பற்றி மட்டும் திறந்த கேள்விகள் கேட்கிறார். கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிப் பார்க்கச் சொல்வதும் உண்டு. தெரியாது என்பது நல்ல விடை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொருவர் நின்ற இடத்திலிருந்து காட்சியை நினைத்துப் பார்க்கச் சொல்லும் உத்தியும் மூல வடிவத்தில் இருந்தது. அது எனக்கு உடன்பாடில்லை. ஊகத்துக்கு வாசல் திறக்கும். இங்கிலாந்துப் பொலிஸாரும் அதை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். அதை விட்டுவிடலாம், மீதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கண்டிக்காரர்களுக்குப் புரியும்படி ஒன்று சொல்கிறேன். எசல பெரஹரா இரவில் டி.எஸ். சேனநாயக்க வீதியில் நெரிசலுக்குள் ஒருவர் குத்தப்படுவதை ஒரு முதியவர் பார்க்கிறார். என்ன நேரம் என்று கேட்டால் திணறுவார். பாயில் உட்கார்ந்து பின்னேரத்திலிருந்து காத்திருந்தவருக்கு மணி தெரிய நியாயமில்லை. ஒன்பது இருக்கும் என்று ஏதோ சொல்வார். அதே ஆளிடம், அந்த நேரத்துக்குத் திரும்பப் போய் வீதியில் என்ன தெரிந்தது, காதில் என்ன விழுந்தது என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெண்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள், தீப்பந்தச் சூட்டில் முன்வரிசைக்காரர்கள் பின்னால் நகர்ந்தார்கள், அப்போதுதான் அந்த ஆளைக் கண்டேன் என்பார். பெரஹராவில் தலதா மாளிகை அணிக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலய அணிகள் வரும், அதன் பின்னர்தான் பத்தினி தேவாலயத்து அணி. பெண்கள் ஆடி வருவது பத்தினி தேவாலயத்து அணியில். அந்த அணி அந்த இடத்தைக் கடந்த நேரத்தைப் பாதுகாப்புக் கடமையில் இருந்த எந்தப் பொலிஸ்காரரிடமும் கேட்டு அறியலாம். கடிகாரம் பார்க்காத மனிதர் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். அவருக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

சொல்லிக்கொடுத்தலையும் உதவியையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது. அறைக்குள் தகவலைக் கொண்டுவருபவர் யார்? ‘அஞ்சா, ஆறா’ என்று கேட்டவர் தகவலைக் கொண்டுவந்தார். ‘என்ன தெரிந்தது’ என்று கேட்டவர் எதையும் கொண்டுவரவில்லை. எதிரியின் பெயர், உடையின் நிறம், ஆயுதம் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இந்த முறையைச் சாட்சியைக் கெடுப்பது என்கிற சட்டத்தரணிகள் தம் கட்சிக்காரரின் நலனையே மறந்துவிடுகிறார்கள். பொலிஸ் தன் சந்தேகத்தைச் சாட்சியின் வாயில் திணிப்பதால் முதலில் அழிபவர் குற்றமற்ற எதிரி. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் விடுதலையானவர்களின் வழக்குகளில் ஏறத்தாழ 69 சதவீதத்தில், கண்ணால் கண்ட சாட்சி ஆளைத் தவறாக அடையாளம் காட்டியிருந்தார் என்று அந்நாட்டின் இன்னசன்ஸ் புரொஜெக்ட் கணக்குச் சொல்கிறது. ஆளை அடையாளம் காட்டுவதற்கு இந்த நேர்காணல் பெரிதாக உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடையாள அணிவகுப்பை ஒழுங்காக நடத்துவது வேறு பாடம். ஆனால் அணிவகுப்புக்கு முன்னால் சாட்சி தம் சொந்தச் சொற்களில் சொன்ன வர்ணனை முழுமையாகப் பதிவாகியிருந்தால், தவறான ஆளைக் காட்டும்போது அதைக் கண்டுபிடிக்க எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

பயன் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. மியாமிப் பகுதியில் உண்மையான குற்றங்களுக்கு ஆளானவர்களையும் கண்டவர்களையும் வைத்து நடந்த களச் சோதனை 1989இல் வெளியானது. பயிற்சி பெற்ற துப்பறிவாளர்கள், பயிற்சிக்கு முன்பு தாங்கள் பெற்றதைவிட 47 சதவீதம் கூடுதலான தகவலைப் பெற்றார்கள். இருபத்தைந்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த மதிப்பீடும், சரியான விவரங்கள் பெருமளவு கூடுவதையும் தவறான விவரங்கள் சிறிதளவு கூடுவதையும் காட்டியது. அந்தச் சிறிதளவை நான் மறைக்கவில்லை. அதிகம் பேசுகிறவர் கொஞ்சம் அதிகம் பிழையும் விடுவார். அந்தப் பிழையைக் கூடுதலாகக் கிடைத்த சரியான விவரங்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். மூன்று வரி வாக்குமூலத்தில் பிழை இருந்தால் எதை வைத்துச் சோதிப்பது?

“இதெல்லாம் படித்த வெள்ளைக்காரனுக்குச் சரி, நம் ஆட்களுக்கு ஒத்துவராது” என்பார்கள். இந்தப் பேச்சுத்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பிரேசிலில் பல்கலைக்கழகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்த, அதிகம் படிக்காத பெண்களுக்கு ஆட்கடத்தல் காட்சி ஒன்றைக் காட்டி இந்த முறையைச் சோதித்தார்கள். ஸ்டைன், மேமன் இருவரும் செய்த அந்த ஆய்வு 2006இல் வெளியானது. அங்கு வழக்கத்திலிருந்த விசாரணை முறையைவிட அறிதல்சார் நேர்காணலில் அந்தப் பெண்கள் கூடுதலான சரியான விவரங்களைச் சொன்னார்கள். நம் மலையகத்துத் தாய்மார் ஒரு கலியாண வீட்டை, ஒரு சாவு வீட்டை, யார் எங்கே இருந்தார், யார் என்ன சொன்னார் என்று விடாமல் சொல்லக் கேட்டவர்கள், அவர்களுக்கு நினைவில்லை என்று சொல்வார்களா? அவர்கள் சொல்கிற ஒழுங்கில் கேட்க நமக்குப் பொறுமை இல்லை என்பதுதான் உண்மை.

நேரம் போதாது என்ற ஆட்சேபம் நேர்மையானது. கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை போன்ற இடங்களில் ஒரு நாளில் வந்து குவியும் முறைப்பாடுகளை அறிந்தவர் அதைத் தட்டிவிட முடியாது. ஒவ்வொரு கோழித் திருட்டுக்கும் முழு முறை வேண்டாம். கொலை, வன்புணர்வு, கொள்ளை, கலவரம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். சுருங்கிய வடிவங்களும் உண்டு. சாட்சியின் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இடத்தை வரைந்துகொண்டே சொல்லும்படி கேட்கும் முறையை இங்கிலாந்தில் கோரல் டாண்டோவும் சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். குறைந்த நேரத்தில் ஏறக்குறைய அதே பயன் கிடைத்தது. லயத்து வரிசையையும் பீலியையும் படியையும் வரைந்து காட்டத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை யார்? எழுதும் கைக்காகப் பேச்சை வெட்டும் சங்கடத்துக்கு ஒலிப்பதிவு தீர்வு. அது ஒன்றும் நம் சட்டத்துக்குப் புதிதல்ல. சிறுவர் சாட்சிகளின் வீடியோப் பதிவை ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டமே வழி செய்தது. பிள்ளையின் நினைவைப் பாதுகாக்க வேண்டும் என்று இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்ட நாடு, அதன் தாயின் நினைவைப் பற்றி ஏன் இன்னும் யோசிக்கவில்லை?

அதட்டினால்தான் உண்மை வரும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2015இல் கொட்டதெனியாவையில் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில் முதலில் பதினேழு வயது மாணவன் ஒருவன் பிடிக்கப்பட்டான், மரபணு பொருந்தவில்லை. அடுத்துப் பிடிக்கப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அறிவித்தார்கள். அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனுக்கு. 2016இல் தண்டிக்கப்பட்டவனும் அவனே. ஆய்வுகூடம் இல்லாதிருந்தால் யார் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்திருப்பார்? அதே 2016இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான விசேட அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ், சாதாரணக் குற்ற விசாரணைகளிலும் சித்திரவதை வழக்கமாக இருக்கிறது என்ற முடிவோடு திரும்பினார். அவர் பெயராலேயே வழங்கும் மெண்டெஸ் கோட்பாடுகள் 2021இல் வெளிவந்தன. வற்புறுத்தாத நேர்காணலே சரியான தகவலைத் தரும் என்பது அவற்றின் சாரம். இங்கிலாந்தும் தானாகத் திருந்தவில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்ட் நால்வர் 1989இலும் பர்மிங்ஹாம் அறுவர் 1991இலும் நெடுஞ்சிறைக்குப் பிறகு விடுதலையான வெட்கத்தின் பின்னர்தான் அங்கே பொலிஸ் நேர்காணல் முறை முழுவதும் மாற்றி எழுதப்பட்டது.

இப்போது புதிதாக ஒரு வாதம் வந்திருக்கிறது. எங்கும் கமரா இருக்கும்போது சாட்சியின் நினைவு எதற்கு என்கிறார்கள். அதற்கும் விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியாவில் வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அதன் தொடர்ச்சியாக மார்ச் 5ஆம் திகதி திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீடொன்றுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை, 7ஆம் திகதி பேஸ்புக் முடக்கம். அந்த வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

கமராப் பதிவுகள் அப்போதும் இருந்தன. பதிவில் ஒரு கடைவாசல் தெரியும். கூட்டத்துக்கு வழிகாட்டியவர் யார், எந்தக் கடை யாருடையது என்று சுட்டியவர் யார், முதல் கல் விழுமுன் என்ன குரல் எழுந்தது, பொலிஸ் எங்கே நின்றது என்பதெல்லாம் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நினைவில்தான் இருந்தது. பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களின் நினைவு அது. கடும் அச்சம் நினைவைக் கூர்மையாக்கும் என்று பொதுவாக நம்புகிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் மிகுந்த அச்சம் முகங்களையும் விவரங்களையும் குழப்பவே செய்கிறது. அதற்கு மேல் ஒவ்வொருவருடைய கைப்பேசியிலும் அதே நாட்களின் வீடியோக்கள் ஓடின. அண்டை வீட்டார் ஒரே அறையில் ஒளிந்திருந்து திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டார்கள். தான் கண்டது எது, வீடியோவில் பார்த்தது எது, மைத்துனர் சொன்னது எது என்று சில நாட்களில் யாராலும் பிரிக்க முடியாமல் போகும். பொய்யர்களுக்கு நேர்வதல்ல இது, எல்லா மனித மூளைக்கும் நேர்வது. ஆகவே கமராவும் கைப்பேசியும் பெருகப் பெருக, ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியே, விரைவாக, வீடியோவைக் காட்டுமுன்பே, அவருடைய சொந்த ஒழுங்கில் பேசவிட்டுப் பதிவுசெய்யும் தேவை கூடுகிறது. பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு ‘இவன்தானே’ என்று கேட்டால் அது சாட்சியமே அல்ல.

திகனையில் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தெல்தோட்டை, கலஹா, பன்விலைத் தோட்டத்து மக்களும் அப்படியே. தகவல் எந்த மொழியில் தரப்படுகிறதோ அந்த மொழியிலேயே எழுத வேண்டும் என்று சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு சொல்கிறது. முடியாதபோது காரணத்தை எழுதிவிட்டே வேறு தேசிய மொழியில் எழுதலாம். 110ஆம் பிரிவோ, எழுதியதைச் சாட்சிக்குப் புரியும் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும், அவர் விளக்கவும் கூட்டவும் சுதந்திரம் உண்டு என்கிறது. வழக்கில் தமிழில் பேசும் உரிமையையும் மொழிபெயர்ப்பாளர் வசதியையும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. நடைமுறையில் மத்திய மலைநாட்டில் தமிழ்ச் சாட்சியின் பேச்சு சிங்கள வாக்குமூலமாகி, அது பத்தாண்டுக்குப் பிறகு மீண்டும் தமிழாகி அவர் காதில் விழுகிறது. நீதிமன்றத்தில் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று ஒருவர் தடுமாறினால் அவரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர்களைக் கூட்டாமல் எந்த உளவியல் முறையும் இங்கே வேர் பிடிக்காது. அதற்கு ஆய்வு தேவையில்லை, ஆட்சேர்ப்புப் போதும்.

நீதிபதிகள் இதை உணராதவர்கள் அல்லர். சாட்சியின் மனத்தில் படம் பிடித்து வைத்த ஒளிநாடா ஓடவில்லை, சிறு முரண்பாடுகளுக்காக அவரைத் தள்ளிவிடக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல் குஜராத் வழக்கு ஒன்றில் சொன்ன தீர்ப்பு நம் நீதிமன்றங்களிலும் அடிக்கடி மேற்கோளாக வருகிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது நோய் முற்றிய பிறகு கொடுக்கும் மருந்து. நீதிபதி முரண்பாட்டை மன்னிக்கலாம். முதல் நாள் வாயிலேயே வெட்டப்பட்ட விவரத்தை, பத்தாண்டுக்குப் பிறகு எந்தத் தீர்ப்பாலும் வரவழைக்க முடியாது.

சாட்சிகளின் பாதுகாப்புக்கு 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதன் இடத்தில் 10ஆம் இலக்கப் புதிய சட்டம் வந்தது. சாட்சியின் உடம்பையும் உடைமையையும் பாதுகாக்க வேண்டும் என்பதை நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. அவருடைய நினைவையும் அந்தப் பாதுகாப்பில் சேர்க்க வேண்டும். களுத்துறைப் பொலிஸ் கல்லூரியின் பாடத்தில் நேர்காணல் பயிற்சி கட்டாயமாக வேண்டும். பாரதூரமான குற்றங்களில் முதல் வாக்குமூலம் ஒலிப்பதிவாக வேண்டும். சட்டத்தரணிகள் சங்கம் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும்; அந்த ஒலிப்பதிவு ஒரு நாள் அவர்களுடைய கட்சிக்காரரையும் காப்பாற்றும்.

அது வரும்வரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு குற்றத்தை நீங்கள் கண்டுவிட்டால், அதைப் பற்றி யாரோடும் பேசுமுன், எந்த வீடியோவையும் பார்க்குமுன், தனியே உட்கார்ந்து அந்த இடத்தை மனத்தில் கொண்டுவந்து, கண்டதையும் கேட்டதையும் உங்கள் மொழியில், உங்களுக்கு நினைவு வருகிற ஒழுங்கில் எழுதுங்கள். இடத்தை வரையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நாளும் நேரமும் இட்டுக் கையெழுத்திடுங்கள். நிகழ்ச்சி பசுமையாக இருக்கும்போது சாட்சி தாமே எழுதியதைப் பார்த்து, கூண்டில் நிற்கும்போது நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடம் தருகிறது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள், விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள், சேர்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அது சலுகை அல்ல, சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை.